தாய்மை நலமும் பெயர்ப் பதிவும்

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்குச் ‘செக்ரோல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் உரைக்க வேண்டுவதில்லை. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிட்டுக் குறியிட்ட அவ்வேடு, கூலிக் கணக்காக மட்டும் இருந்ததில்லை. அதில் பெயர் ஏறியவர்க்கு லயத்தில் வீடு உண்டு. காய்ச்சல் கண்டால் டிரெசரிடம் மருந்து உண்டு. பால்மரம் வெட்டப் போகும் தாயின் பிள்ளைக்கு ஆயாக் கொட்டகையில் இடம் உண்டு. தொழிலாளரின் மருத்துவத்திற்குத் தோட்ட நிருவாகமே பொறுப்பு என்பதை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வற்புறுத்திற்று. கிடைத்தவை குறைவே, பல தோட்டங்களில் மிகக் குறைவே. ஆயினும் கிடைத்தவை யாவும் ஒரே ஏட்டில் ஒரே பெயரின்கீழ் அடங்கியிருந்தன.

அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்தோர் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கும் சிற்றூர்களுக்கும் பெயர்ந்தனர். அவர்கள் இழந்தது வீட்டையும் வேலையையும் மட்டுமன்று; அந்த ஒற்றைப் பதிவையும் இழந்தனர். இன்றைய சட்டங்கள் செக்ரோல் கொடுத்ததைவிட மிகுதியாகவே கொடுக்கின்றன. ஆனால் அவை ஓரிடத்தில் இல்லை. மருந்தகத்தில் ஒன்று, முதலாளியிடம் ஒன்று, சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஒன்று, பதிவிலாகாவில் ஒன்று எனச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றில் பெயர் இருப்பதனால் மற்றொன்றில் இருப்பதாகாது. இவ்வேறுபாடு தெரியாமையால், உரிமை இருந்தும் அதனை அடையாத தாய்மார் உளர். ஆதலின் கருவுற்ற நாள் தொட்டு ஒரு பெண்ணுக்கு எவ்வெவை எங்கெங்கு உரியன என்பதைப் பகுத்துக் காண்பது பயனுடையதாகும்.

தேடி வந்த மருத்துவம்

நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வது பழைய வழக்கம். மருத்துவம் மக்களைத் தேடி வருவது புதிய முறை. இந்நாட்டில் அம்முறை 1950களில் வேரூன்றியது. கெடா மாநிலத்து ஜித்ராவில் நாட்டுப்புறச் சுகாதாரப் பயிற்சி நிலையம் தோன்றியதும் அக்காலத்திலேதான். ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம். அதனைச் சார்ந்து நான்கு துணை நிலையங்கள். அவற்றின்கீழ் இருபது மருத்துவச்சி நிலையங்கள் என்பது வகுக்கப்பட்ட திட்டம். கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குள் ஒரு மருத்துவச்சி என்றாகும். அவர் தங்கும் வீடும் மருந்தகமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. நள்ளிரவில் வலி கண்டாலும் கதவைத் தட்டினால் ஆள் இருப்பார் என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. 1970களில் இம்மூன்றடுக்கு இரண்டடுக்காகச் சுருக்கப்பெற்றுச் சுகாதார நிலையம், கிராம மருந்தகம் என நிலைபெற்றது.

நாட்டுப்புறத்தில் வழிவழியாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்த முதிய மருத்துவச்சியரை அரசாங்கம் பகைத்துக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களுக்குத் தூய்மை முறைகள் கற்பிக்கப்பட்டன. எந்நிலையில் தாம் கைவைக்காமல் தாதியை அழைக்க வேண்டும் என்பதும் உணர்த்தப்பட்டது. மக்களின் நம்பிக்கை அவர்களிடம் இருந்தமையால், அந்நம்பிக்கையின் வழியாகவே புதிய மருத்துவமும் வீட்டுக்குள் நுழைந்தது.

பயன் கண்கூடு. 1950களின் தொடக்கத்தில் இலட்சம் பிள்ளைப்பேறுகளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1990களில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கிற்று. ஒரு தலைமுறைக் கால எல்லைக்குள் பத்தில் ஒன்பது பங்கு மரணம் தவிர்க்கப்பட்டது என்றால், அதற்குக் காரணம் ஒரு மருந்தோ ஒரு மருத்துவமனையோ அன்று. பயிற்சி பெற்ற தாதி, வண்டி வசதி, இரத்தம் ஏற்றும் மருத்துவமனை, ஒவ்வொரு தாயின் பெயரும் எழுதப்பட்ட ஏடு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டமையே காரணம். 1991 முதல், தாய் ஒருத்தி இறந்தால் அவ்விறப்பு ஏன் நேர்ந்தது என்பதை, யாரையும் தண்டிக்கும் நோக்கமின்றி, மறைபொருளாக ஆராய்ந்து குறை களையும் முறையும் நடைமுறைக்கு வந்தது. மற்றொரு வெற்றியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கருவுற்ற தாய்மாரின் இரத்தத்தைச் சோதிக்கும் முறையைப் பரப்பியதன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண் நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவை ஏற்றுக்கொண்டது. அந்நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அத்தகுதி பெற்ற முதல் நாடு இதுவே.

நான்கு நிறங்கள்

கருவுற்ற பெண் அரசாங்க மருந்தகத்தில் பெயர் பதிந்தவுடன் அவள் கையில் இளஞ்சிவப்புப் புத்தகம் ஒன்று தரப்படுகிறது. எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் செம்மை, சிறுநீரில் சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சி ஆகிய யாவும் ஒவ்வொரு வருகையிலும் அதில் எழுதப்படுகின்றன. புத்தகத்தில் ஒட்டப்படும் நிறக்குறி மிகவும் கருதத்தக்கது. வெள்ளைக்குறி, இடர் குறைந்த தாயைச் சுட்டும். தாதியின் கண்காணிப்பு அவளுக்குப் போதும். பச்சைக்குறி, மருந்தகத்து மருத்துவரும் பார்த்துவர வேண்டும் எனக் காட்டும். மஞ்சள்குறி, மருத்துவமனையின் வல்லுநரிடம் காலந்தாழ்த்தாது அனுப்பப்பட வேண்டியவள் என்பதற்கு அடையாளம். சிவப்புக்குறி என்றால், அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்டு வருவதற்குக்கூட நேரமில்லை என்பது பொருள்.

வலிப்பு, மிகுந்த இரத்தப்போக்கு, மூச்சுத்திணறலோடு கூடிய இதயநோய் போன்றவை சிவப்பைச் சேர்ந்தவை. இக்குறி ஒருமுறை ஒட்டியபின் மாறாதது அன்று. வெள்ளையாக இருந்தவள் அடுத்த மாதமே மஞ்சளாகலாம். ஆதலால்தான் ஒவ்வொரு தவணைக்கும் தவறாது செல்ல வேண்டுமென வற்புறுத்தப்படுகிறது. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” எனத் தவணையைத் தவிர்ப்பவள், மாற்றம் தோன்றும் நாளைத் தவறவிடுகிறாள். இரத்த அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலியின்றியே நிகழும்.

பெயர் பதிவதில் காலமும் உண்டு. கருவுற்று மூன்று மாதத்திற்குள் பதிவது நன்று. ஆனால் மூன்று மாதம் நிறையுமுன் வெளியில் சொல்லலாகாது. சொன்னால் கண்ணேறு படும் என்னும் எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் உண்டு. அண்டை அயலாரிடம் சொல்லாதிருப்பதில் கேடில்லை. தாதியிடம் சொல்லாதிருப்பதில்தான் கேடுண்டு.

தாய்வீடும் தாதியும்

பிள்ளை பிறந்த பின்னரும் தாதியின் பணி முடிவதில்லை. பேறு நிகழ்ந்த முதல் நான்கு நாள்களிலும், பின்னர் ஆறாம், எட்டாம், பத்தாம், இருபதாம் நாள்களிலும் தாதி தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்படுத்தப்பட்ட முறை. மருத்துவமனையில் தங்கிய நாள் போக, எஞ்சியவற்றுக்குத் தாதி வீட்டுக்கே வருகிறார். குழந்தையின் கண்ணிலும் தோலிலும் மஞ்சள் படர்ந்துள்ளதா, கொப்பூழ்க்கொடி சீழ்ப்பிடித்துள்ளதா, தாய்க்குக் காய்ச்சலோ இரத்தப்போக்கோ உண்டா என்பவற்றை ஆராய்கிறார்.

இங்கேதான் தமிழ் வழக்கமும் பதிவேடும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் மரபு. அவள் பெயர் பதிந்தது கணவன் வாழும் கிள்ளானில். பிள்ளை பெற்றுத் தங்குவது தாய் வாழும் சுங்கை சிப்புட்டில் என்று கொள்வோம். கிள்ளான் தாதி பழைய முகவரிக்குச் சென்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். சுங்கை சிப்புட்டுத் தாதிக்கோ இப்படியொரு தாய் தம் எல்லைக்குள் வந்திருப்பதே தெரியாது. மஞ்சள் காமாலை முற்றும் ஆபத்துடைய முதல் வாரம் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிடும். மருத்துவமனையை விட்டு நீங்கும்போது, தங்கப்போகும் வீட்டின் முகவரியையே கொடுப்பதும், இளஞ்சிவப்புப் புத்தகத்தை எடுத்துச் சென்று தாய்வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் காட்டுவதும் போதும். மரபையும் விட வேண்டியதில்லை. மருத்துவத்தையும் இழக்க வேண்டியதில்லை.

மூவகை உரிமை

மருத்துவச் செலவும் வருவாய் இழப்பும் வேறுவேறு. இவற்றை ஈடுசெய்யும் உரிமைகளும் மூவகைப்படும்.

முதலாவது, குடிமை வழி வரும் உரிமை. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் செலுத்தும் ஒரு வெள்ளிக் கட்டணம் உண்மைச் செலவில் ஒரு சிறு துளியே. எஞ்சியது பொதுப்பணத்திலிருந்து வருகிறது. இதற்குக் காப்புறுதி எதுவும் வேண்டியதில்லை. அடையாள அட்டையே போதும். இவ்வகையைச் சார்ந்ததே 2019இல் தொடங்கப்பெற்ற ‘பெக்கா பி40’ என்னும் திட்டம். அரசாங்க உதவித் தொகைப் பட்டியலில் உள்ளோருள்ளும் அவர்தம் துணைவருள்ளும் நாற்பது வயது நிறைந்தோர்க்கு உடற்சோதனை செய்யவும், வேண்டும் மருத்துவக் கருவிகளுக்கு உதவவும் அது பயன்படுகிறது. இதற்கெனத் தனியே விண்ணப்பம் இல்லை. உதவித் தொகைப் பட்டியலில் பெயர் ஏறியிருப்பதே வாயில். எனவே, உதவித் தொகைக்கு மனுச் செய்யாத ஏழை, பணத்தோடு மருத்துவச் சோதனையையும் சேர்த்தே இழக்கிறார்.

இரண்டாவது, தொழில் வழி வரும் உரிமை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதனை வரையறுக்கிறது. அறுபது நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தொண்ணூற்றெட்டு நாளாக உயர்த்தப்பட்டது. பேற்றுக்கு முன் நான்கு மாதத்திற்குள் அம்முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒன்பது மாதத்திற்குள் மொத்தம் தொண்ணூறு நாளேனும் வேலை செய்திருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் ஊதியத்திற்கு ஈடான மகப்பேற்றுப்படி உண்டு. ஏற்கனவே ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ உயிருடன் இருப்பின் படி கிடையாது. இருபத்திரண்டு வாரம் கடந்தபின் நிகழ்வது பேறு எனவே கொள்ளப்படும். குழந்தை உயிரற்றுப் பிறந்தாலும் தாயின் விடுப்பு உரிமை மறுக்கப்படாது. தந்தைக்கும் நிபந்தனைக்குட்பட்டு ஏழு நாள் விடுப்பு உண்டு.

இச்சட்டத்தில் பலர் அறியாத ஒரு கூறு உளது. பேற்றுக்கு முந்திய அறுபது நாளுக்குள் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடில் படி நிறுத்திவைக்கப்படலாம். அதனினும் கடுமையானது ஒன்றுண்டு. வேலையை விட்டு நீங்கும் பெண், நீங்கிய நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் தனக்குப் பேறு நிகழும் என்று அறிந்திருந்தால், நீங்குமுன்னரே முதலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் நீங்கினால் அம்முதலாளியிடமிருந்து படி பெறும் உரிமையையே இழக்கிறாள். தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். நாணத்தாலோ, வேலை முடிந்ததே என்ற எண்ணத்தாலோ வாய்திறவாத பெண், பல வாரக் கூலியை அந்த மௌனத்தால் இழக்க நேரும். ஒரே வரியில் தேதியிட்டு எழுதிய கடிதமும் அதன் படியும் அவளைக் காத்திருக்கும்.

மூன்றாவது, சந்தா வழி வரும் உரிமை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு 1971இல் இயங்கத் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை மக்கள் ‘சொக்சோ’ என்பர். வேலையில் நேரும் விபத்துக்கும், நோயால் உழைக்கும் ஆற்றல் அற்றுப்போவதற்கும் அது பொறுப்பேற்கிறது; வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். வேலை விபத்தில் தொழிலாளி இறந்தால், அவர் குடும்பத்திற்கு வரும் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் உரியவை. பிள்ளைப்பேற்றுக்கு இது பணம் தருவதன்று. ஆயினும் பேறு முடித்து வீட்டில் இருக்கும் தாய்க்கும் ஒரு வாயில் திறந்துள்ளது. 2022 டிசம்பரில் தொடங்கிய குடும்ப மாதர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண் ஆண்டுக்கு நூற்றிருபது வெள்ளி செலுத்திச் சேரலாம். அடுக்களையில் கொதிநீர் கொட்டி நேரும் காயமும் ‘விபத்து’ எனச் சட்டத்தால் ஏற்கப்பட்டது இதனாலேயே. இது ஓராண்டுக்கே செல்லும்; புதுப்பிக்காவிடில் மறுநாளே பாதுகாப்பு நீங்கும்.

தனியார் நிறுவனங்கள் விற்கும் மருத்துவ அட்டைகள் இம்மூன்றினும் வேறானவை. அவற்றுட் பெரும்பாலானவை இயல்பான பிள்ளைப்பேற்றுச் செலவை ஏற்பதில்லை. ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலைப் படியாது கையொப்பமிடுவோர், கட்டிய பணம் பேற்றுக்கு உதவும் என நம்பி ஏமாறுவர்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் இங்கு ஒன்றைக் காணலாம். ‘காப்புறுதி’ என்னும் சொல்லில் உறுதி முன்னிற்கிறது. ‘காப்பீடு’ என்னும் சொல்லில் ஈடு முன்னிற்கிறது. இழப்பு நேராது என்னும் உறுதியை எந்நிறுவனமும் தருவதில்லை. இழந்ததற்கு ஈடுதான் தருகிறது. அதுவும் பதிவும் சந்தாவும் இடையறாது இருந்தால் மட்டுமே தருகிறது. மலேசியத் தமிழில் காப்புறுதி என்பதே ஊன்றிவிட்டது. அதனை மாற்ற வேண்டியதில்லை. பொருளை விளக்கினால் போதும்.

குடும்பத் திட்டமும் கருப்பை நலமும்

சிலாங்கூரில் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தோன்றிற்று. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய வாரியமே அமைந்தது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொல் யாரோ பிறர் நம்மைக் கட்டுப்படுத்துவதாக ஓர் அச்சத்தை எழுப்பும். ‘குடும்பத் திட்டம்’ என்பதோ திட்டமிடுபவர் கணவனும் மனைவியுமே எனக் காட்டும். மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் சாதனம், தோலடியில் பொருத்தும் குச்சி, ஆணுறை, அறுவை முறை எனப் பல வழிகள் உள. எது ஏற்றது என்பது தாயின் வயது, இரத்த அழுத்தம், பால் கொடுக்கும் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. ஆதலின் அண்டை வீட்டார் உண்ணும் மாத்திரையைக் கேட்டு வாங்குதல் தகாது. பேற்றுக்குப் பின் மருந்தகம் செல்லும்போது தாதியிடம் கேட்பதே முறை. இரு பேறுகளுக்கு இடையில் ஈராண்டேனும் இடைவெளி இருந்தால், தாயின் இரத்தம் மீண்டும் ஊறும். முன்பிறந்த குழந்தையும் வேண்டிய காலம் தாய்ப்பால் உண்ணும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய், முன்கூட்டியே தடுக்கத்தக்க நோய்களுள் ஒன்று. அதற்குக் காரணமான பாப்பிலோமா வைரசைத் தடுக்கும் ஊசி, பதின்மூன்று வயது மாணவியர்க்கு 2010 முதல் பள்ளிகளில் போடப்பட்டு வருகிறது. முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள மாதர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவ்வைரசுச் சோதனை செய்யும் முறையும் பரவி வருகிறது. பிறர் முன் உடல் காட்ட நாணுவோர் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதியும் வந்துள்ளது.

தடுப்பூசிக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் தாள் தமிழ்ப்பள்ளிக்கு வருவதன்று. மாணவி ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளி சேர்ந்தபின் வருவது. அங்குள்ள ஆசிரியரைத் தமிழறிந்த தாய் அணுகத் தயங்குவாள்; தாளின் மொழியும் அவளுக்கு எளிதன்று. பொருள் விளங்காத தாள் கையொப்பமின்றித் திரும்பினால், மகளுக்கு ஊசி கிடைக்காது. ஆகவே, இதனை முன்னதாகத் தமிழில் எடுத்துரைக்கத்தக்க இறுதி வாய்ப்பு ஆறாம் ஆண்டு வகுப்பின் பெற்றோர் கூட்டமே.

தாலியும் பத்திரமும்

மேற்கூறிய யாவற்றுக்கும் அடிப்படை இரண்டு பத்திரங்கள். ஒன்று, குழந்தையின் பிறப்புப் பத்திரம். மற்றொன்று, பெற்றோரின் திருமணப் பத்திரம். முஸ்லிமல்லாதார் திருமணங்கள் யாவும் பதியப்பட வேண்டும் என்னும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டியது சமயத்திற்கும் சமுதாயத்திற்கும் திருமணமே; பதியாவிடில் சட்டத்தின் கண்ணுக்கு அது புலப்படாது.

விளைவு சிறிதன்று. கணவர் வேலை விபத்தில் இறந்தால், மனைவி தன் ஐந்தில் மூன்று பங்குக்குத் தான் மனைவியே என மெய்ப்பிக்க வேண்டும். கையில் பத்திரமில்லையேல் அலைச்சலும் வழக்கும் நேரும். தந்தை குடிமகன், தாய் வெளிநாட்டவர் என்னும் குடும்பத்திலோ நிலை இன்னும் கொடிது. பதியாத மணத்தில் பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். எனவே இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் அக்குழந்தை குடியுரிமையின்றி நிற்க நேரிடும். பதிவைத் தள்ளிப்போட்டதன் பயனைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் சுமக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

பள்ளியில் பெயர் சேர்க்கும் நாளில் ஆசிரியர் கையில் பிறப்புப் பத்திரம் வருகிறது. தந்தை பெயர் இல்லாத பத்திரம், பெயர்ப் பிழையுடைய பத்திரம், பத்திரமே இல்லாத குழந்தை ஆகிய மூன்றையும் முதலில் காண்பவர் அவரே. அப்பொழுதே பதிவிலாகாவுக்கு வழிகாட்டினால், இளைய பிள்ளைக்காவது அதே குறை நேராது.

மருத்துவம் கூறுவது ஆசிரியரின் வேலையன்று. அது தாதியின் வேலை. தாதியின் வாய்மொழியைத் தமிழ்த்தாய் அஞ்சாது கேட்கும்படி செய்வதும், தாளில் உள்ளதைப் படித்துக் காட்டுவதும் ஆசிரியரால் இயலும். வட்டார மருந்தகத்துத் தாதியை ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டத்திற்கு அழைத்து, அவர் மலாயில் கூறுவதைத் தமிழில் பெயர்த்துரைக்கலாம். முகவரி மாற்றம், முதலாளிக்கு அறிவிப்பு, சந்தாப் புதுப்பிப்பு, தடுப்பூசி ஒப்புதல், திருமணப் பதிவு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். ஒரு பக்கத் தாள்தான். கூட்டத்திற்கு வர இயலாத தாயின் வீட்டுக்கும் அவள் பிள்ளையே அதனைக் கொண்டு சேர்த்துவிடும்.